சிறையில் இருக்கும் உறவினரின் உயிரும் நலமும்: பாலக்காடு, இடுக்கி எல்லைத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாளையாறு, கோவிந்தாபுரம், கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்துக்கு வேலைக்குப் போய் வழக்கில் சிக்கியவர்களின் வீட்டார், சித்தூர், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இரு தரப்புக்கும் இந்தப் பக்கம். ஆந்திர எல்லைக்காரர்களுக்கும் கடைசிப் பகுதியில் ஒரு கேள்வி இருக்கிறது.

அவசரமாக வந்தவர்கள் இந்த எண்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 14416 டெலி மானஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். 1056 கேரள அரசின் திஷா சுகாதார உதவி எண். 104 தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண். 15100 இலவச சட்ட உதவி. ஆளை உள்ளே விட்டுவிட்டு வெளியே தவிக்கும் தாய்க்கும் மனைவிக்கும்கூட 14416 உண்டு. கூப்பிடத் தயங்க வேண்டாம்.

"இனி இருந்து என்ன செய்ய" என்று போனில் சொன்னான். இப்போதே என்ன செய்ய வேண்டும்?

அதே அழைப்பில் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு. அப்படி ஆவதில்லை. கேட்டால்தான் மனம் திறப்பார்கள். அடுத்து எப்போது பேசுவீர்கள், எப்போது பார்க்க வருவீர்கள் என்பதைத் தேதியோடு சொல்லிவிட்டு வையுங்கள்.

அழைப்பு முடிந்த கையோடு சிறை அலுவலகத்துக்குப் போன் செய்து கண்காணிப்பாளரையோ பணியில் இருக்கும் அதிகாரியையோ கேளுங்கள். மத்திய சிறை, மாவட்ட சிறை என்றால் வெல்ஃபேர் ஆபீசரிடமும் சொல்லுங்கள். யாரிடம், எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அதோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. வாய்ச்சொல் அடுத்த ஷிப்டுக்குப் போய்ச் சேராது. இரவுப் பணிக்கு வருகிற வார்டனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எழுத்தில் கொடுத்தால் அது கோப்பில் ஏறும், கோப்பில் ஏறியதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு வரும். அதனால் அன்றைக்கே மின்னஞ்சலில் ஒரு கடிதம், மறுநாள் நேரில் அதே கடிதம். இரண்டாவது பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வாசலை விட்டு நகராதீர்கள். நேரில் போக முடியாவிட்டால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட் (பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் இதோடு சேர்க்கப்பட்டுவிட்டது).

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"பெறுநர்: கண்காணிப்பாளர், மாவட்ட சிறை, மலம்புழா. நகல்: ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட் நீதிமன்றம், செயலாளர், மாவட்ட சட்டப் பணிகள் ஆணையம், பாலக்காடு. தங்கள் சிறையில் உள்ள (பெயர், தந்தை பெயர், வயது, காவல் நிலையம், கிரைம் நம்பர், ரிமாண்ட் தேதி) என் தம்பி. இன்று மாலை 4 மணிக்குப் போனில் உயிரை விட்டுவிடப் போவதாகச் சொன்னார். முன்பு ஒருமுறை தற்கொலைக்கு முயன்று அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அந்தச் சீட்டின் நகல் இணைத்துள்ளேன். இன்றே மருத்துவர் பார்க்க வேண்டும், தனி அறையில் அடைக்காமல் கண்காணிப்பில் வைக்க வேண்டும், மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் எனக் கோருகிறேன்."

அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். "மன உளைச்சலில் உள்ளார்" என்று பூசி மெழுகினால் படிப்பவருக்கு அவசரம் தெரியாது. வழக்கறிஞர் இருந்தால் அதே விவரத்தை நீதிமன்றத்தில் மனுவாகவே போடச் சொல்லுங்கள். சிறைக்கு நீதிமன்றத்திலிருந்து வரும் உத்தரவுக்கு வேறு எடை. வழக்கறிஞர் இல்லையென்றால் 15100. காவலில் உள்ளவருக்கு 1987 ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு.

எந்த நாட்களில் அதிகம் பயப்பட வேண்டும்?

உள்ளே போன முதல் சில மணி நேரமும் முதல் வாரமும். முதல் முறை கைதானவர், குடும்ப வழக்கிலோ போக்சோ வழக்கிலோ அவமானத்தோடு போனவர், குடியை நிறுத்த நேர்ந்தவர் ஆகியோருக்கு இது இன்னும் கூர்மை. பிறகு ஜாமீன் மனு தள்ளுபடியான நாள், தண்டனை சொன்ன நாள், வேறு சிறைக்கு மாற்றிய நாள், வீட்டிலிருந்து சாவுச் செய்தியோ விவாகரத்து நோட்டீஸோ போன நாள். வழக்கமாக வந்த ஆள் வராமல் போன நாளும் இதில் சேரும். இதைக் குடும்பங்கள் கவனிப்பதே இல்லை.

ஆக, ஆபத்து நாட்காட்டியில் ஓரளவு முன்கூட்டியே தெரியும். நீதிமன்றத் தேதிகளைக் குறித்து வைத்து, முடிவு பாதகமாக வந்தால் அன்று மாலையே சிறைக்குச் சொல்லுங்கள். கெட்ட செய்தியை நீங்களே போனில் திடீரென்று போட்டு உடைக்காமல், வெல்ஃபேர் ஆபீசரிடம் முதலில் சொல்லி, அவர் பக்கத்தில் இருக்கும்போது பேச ஏற்பாடு செய்யுங்கள்.

உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி அமிதவ ராய் குழுவின் கணக்குப்படி 2017 முதல் 2021 வரை இந்தியச் சிறைகளில் இயற்கைக்கு மாறான மரணங்கள் 817. அதில் 660 தற்கொலை. அடிதடியும் விபத்தும் மற்றதும் சேர்ந்தாலும் இதற்குக் கிட்ட வரவில்லை.

சொன்னால் தனி அறையில் பூட்டிவிடுவார்களாமே?

நடக்கிறது, அது தவறு. காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஆளைத் தனியாக அடைப்பதால் பேச்சுத்துணை போய், இருக்கும் ஆபத்து கூடும். உலக சுகாதார அமைப்பு 2007 இல் சிறைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டியும் தனிமைப்படுத்துவதைத் தவிர்க்கத்தான் சொல்கிறது. உடனடி ஆபத்தில் இருப்பவருக்கு இடைவிடாத கண்காணிப்பு. மற்றவருக்கு 10 அல்லது 15 நிமிடத்துக்கு ஒருமுறை நேரில் பார்ப்பது. பயிற்சி பெற்ற சக கைதி கூடவே இருப்பது. கேமரா மட்டும் போதாது, திரையை ஓர் ஆள் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

சட்டப்படி, தனிமைச் சிறை என்பது தண்டனையின் பகுதியாக நீதிமன்றம் மட்டுமே விதிக்கக்கூடியது. அப்படி விதித்தாலும் ஒரே தொடராக 14 நாளுக்கு மேல் கூடாது. விசாரணைக் கைதிக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1978 ஆம் ஆண்டு சுனில் பத்ரா தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. கடிதத்தில் "தனி அறையில் அடைக்காமல்" என்ற வரியைச் சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

தற்கொலைக்கு முயன்றால் மேலே இன்னொரு வழக்கு வருமா?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115 ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309 ஆம் பிரிவு புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. ஒரு பொத்தல் இருக்கிறது: அரசு ஊழியரை ஒரு காரியம் செய்யக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால் என்று 226 ஆம் பிரிவு தனியாக உள்ளது. உண்ணாவிரதம் இருப்பவர்மேல் இதைப் பாய்ச்சப் பார்ப்பார்கள். அப்படி நடந்தால் வழக்கறிஞரிடம் 115 ஐக் காட்டி வாதாடச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர். வாசலில் மாத்திரையை வாங்க மறுக்கிறார்கள்.

வெளியிலிருந்து வரும் மாத்திரையை வாங்காதது பொதுவான நடைமுறை. வார்டனோடு மல்லுக்கு நின்று பயனில்லை. உள்ளே போக வேண்டியது மாத்திரை அட்டையை விட மருத்துவச் சீட்டு. கடைசி ஆறு மாதச் சீட்டுகளின் நகல், மருந்தின் பெயர், மில்லிகிராம், வேளை, கடைசியாக எப்போது சாப்பிட்டார், பார்த்த மருத்துவமனை, ஓ.பி. எண் இத்தனையும் ஒரே தாளில் எழுதி, சிறை மருத்துவ அதிகாரி பெயருக்குக் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

சின்ன சப் ஜெயிலில் முழுநேர மருத்துவர் இருப்பார் என்று நம்பி உட்கார வேண்டாம். பக்கத்து அரசு மருத்துவமனையிலிருந்து வருவார்கள், அல்லது ஆளை அங்கே கூட்டிப் போவார்கள். கூட்டிப் போகப் போலீஸ் எஸ்கார்ட் வேண்டும். எஸ்கார்ட் கிடைக்காத நாளில் ஓ.பி. தள்ளிப்போகும். மாத்திரை விட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த எஸ்கார்ட் இழுபறியும், சிறை மாற்றும்போது சிகிச்சைக் கோப்பு கூடவே போகாததும்தான். மாற்றப்பட்ட செய்தி தெரிந்ததும் புதிய சிறைக்கு அதே தாளை மறுபடி அனுப்புங்கள்.

வலிப்பு மாத்திரையையும் லித்தியத்தையும் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. சீட்டில் இவை இருந்தால் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

உள்ளே சமாளிக்க முடியாத நிலை என்றால் அரசு மனநல மருத்துவமனைக்கு மாற்றக் கேட்கலாம். திருச்சூர், கோழிக்கோடு குதிரவட்டம், திருவனந்தபுரம் பேரூர்க்கடை மூன்றும் கேரள அரசின் மனநல மையங்கள். 2017 சட்டத்தின் 103 ஆம் பிரிவு சிறைக் கைதிகளுக்கானது. சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்பதும் அதில் உண்டு. உங்கள் ஆளுக்குச் சிகிச்சை மறுக்கப்பட்டால் அந்த வாரியத்துக்கும் எழுதலாம்.

தினமும் குடிப்பவர். திடீரென்று நின்றால் என்ன ஆகும்?

கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 72 மணி நேரத்தில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாததைப் பார்ப்பதும் கேட்பதும் வரும். இது உயிரைப் பறிக்கக்கூடிய மருத்துவ அவசரம். ஆனால் உள்ளே இதை "நடிப்பு" என்றும் "பைத்தியம்" என்றும் ஒதுக்கிவிட்டு அறையில் பூட்டிவிடும் ஆபத்து உண்டு.

கைதான அன்றே நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் "தினமும் இவ்வளவு குடிப்பார், கடைசியாக இத்தனை மணிக்கு" என்று டாக்டரிடம் சொல்லிப் பதிய வையுங்கள். முடியாவிட்டால் ரிமாண்டுக்கு நிறுத்தும்போது மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்லலாம். மானம் போகும் என்று மறைப்பதால்தான் பல வீடுகளில் கேடு.

எங்களுக்கு மலையாளம் எழுதத் தெரியாது. தமிழில் மனு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 1969 ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், தமிழர் பெருவாரியாக வாழும் பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்கும் தமிழில் எழுத உரிமை தருகிறது. பதிலும் தமிழில் வர வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் தமிழில் எழுதலாம்.

உரிமை அப்படி. நடைமுறையில், உயிர் போகும் அவசரத்தில் மொழிபெயர்ப்புக்காகக் கோப்பு காத்திருக்கக் கூடாது. தமிழில் முழுதாக எழுதி, மேலே நான்கு வரி மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ சேருங்கள். தாலுகா சட்டப் பணிகள் குழுவில் இருக்கும் துணைச் சட்டத் தன்னார்வலர் எழுதித் தருவார். காசு கொடுக்க வேண்டியதில்லை.

உள்ளே இருப்பவருக்கு மொழி தெரியாதது இன்னும் பெரிய சிக்கல். கவுன்சிலர் மலையாளத்தில் பேசுவார், இவர் தலையாட்டுவார், "பிரச்சினை இல்லை" என்று குறிப்பு எழுதப்படும். தமிழ் தெரிந்த கவுன்சிலரோ டெலி மானஸ் மூலம் தமிழில் ஆலோசனையோ வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள்.

பார்க்கவும் பேசவும் என்ன வழி?

நேரில் போனால் ஆதார் அசலும் நகலும், கைதியின் முழுப்பெயர், தந்தை பெயர், கிரைம் நம்பர். நாளும் நேரமும் சிறைக்குச் சிறை மாறும். போடியிலிருந்து தேவிகுளம் சப் ஜெயிலுக்கு மலையேறிப் போய், "நேற்றே முட்டம் மாவட்ட சிறைக்கு மாற்றிவிட்டோம்" என்று கேட்டுத் திரும்புவதைத் தவிர்க்க முந்தின நாள் போன் செய்துவிடுங்கள்.

தூரத்தில் இருப்பவர்களுக்கு இ-முலாகாத் என்ற காணொளிச் சந்திப்பு. இ-பிரிசன்ஸ் தளத்தில் பார்வையாளர் பதிவைத் திறந்து, மாநிலம், சிறை, கைதி பெயர், உங்கள் அடையாள அட்டை விவரம், கைபேசி, மின்னஞ்சல் கொடுத்து, காணொளி வழி என்று தேர்ந்தெடுத்து, ஓ.டி.பி. போட வேண்டும். சிறை ஒப்புக்கொண்ட பிறகுதான் நேரமும் இணைப்பும் வரும். பெரும்பாலும் தடைப்படுவது பெயர் பொருத்தத்தில். சிறைப் பதிவேட்டில் "முருகேசன்" மலையாள ஒலிப்பில் வேறு எழுத்தோடு ஏறியிருக்கும், இனிஷியல் முன்னே பின்னே இருக்கும். ரிமாண்ட் தாளில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே போடுங்கள்.

சந்திப்பும் வழக்கறிஞர் தொடர்பும் சலுகை கிடையாது, வாழ்வுரிமையின் பகுதி. 1981 இல் பிரான்சிஸ் கொராலி முல்லின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. எங்கள் கருத்தில், மாதம் ஒரு பெரிய பயணத்தை விட வாரம் ஒரு சின்ன அழைப்பு மேல். அந்த நாள் தவறாமல் இருப்பதுதான் முக்கியம்.

ஜாமீன் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. ஆள் இன்னும் உள்ளே.

எல்லைக் குடும்பங்களுக்கே உரிய தொல்லை இது. கேரள நீதிமன்றம் இரண்டு ஜாமீன்தாரர்களைக் கேட்கும், அவர்கள் நடப்பு ஆண்டு நிலவரி ரசீது காட்ட வேண்டும். தமிழ்நாட்டுப் பட்டாவை நீட்டினால் தாசில்தார் சான்று கொண்டு வா என்பார்கள். கூலித் தொழிலாளிக்கு அங்கே நிலமுள்ள தெரிந்தவர் யார்? உத்தரவு கையில் இருந்தும் வெளியே வர முடியாத இந்த நாட்கள்தான் உள்ளே இருப்பவரை உருக்குலைப்பவை.

1978 மோதி ராம் தீர்ப்பிலேயே, வேற்று மாவட்டக்காரர் என்பதற்காக ஜாமீன்தாரரை நிராகரிக்கக் கூடாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிவிட்டார். பாலக்காடு வைத்தியநாதபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1957 இல் கேரள அமைச்சராகச் சிறைத்துறையையும் பார்த்தவர். சுனில் பத்ரா தீர்ப்பிலும் அவர் கை உண்டு. நம் ஊர்க்காரர் எழுதிய சட்டத்தை நம் ஊர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் வெளிப்படையாகச் சொன்னது. ஜாமீன் உத்தரவு அன்றைக்கோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்குப் போக வேண்டும். 7 நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன் பத்திரம் தர முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்துவதே தாமதத்துக்கு ஒரு காரணம் என்பதையும் அந்த உத்தரவு ஒப்புக்கொள்கிறது. 8 ஆம் நாள் நீங்களே ஆணையத்துக்கு எழுதுங்கள்: உத்தரவின் தேதி, வழக்கு எண், தடைபடும் நிபந்தனை. சொந்தப் பிணையில் விடவோ, ரொக்கமாகக் கட்டவோ, ஜாமீன்தாரர் எண்ணிக்கையைக் குறைக்கவோ மனு போடலாம்.

பணமே தடை என்றால் 2023 இல் மத்திய அரசு கொண்டுவந்த ஏழைக் கைதிகள் உதவித் திட்டம் இருக்கிறது. அறிவித்தபோது விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 வரையும். கஞ்சா போன்ற போதைப்பொருள் வழக்குகளுக்கு இது கிடையாது. எல்லைச் சோதனைச் சாவடிகளில் பிடிபடுகிறவர்களில் பலர் அந்த வழக்கில் வருகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே தெரிந்துகொண்டு அலைச்சலைக் குறையுங்கள்.

விசாரணையே தொடங்கவில்லை, வருடக்கணக்கில் இருக்கிறார்.

இரண்டு கதவுகள். குற்றப்பத்திரிகை 60 நாளில், பெரிய குற்றமென்றால் 90 நாளில் (போதைப்பொருள் வணிக அளவென்றால் 180) வரவில்லை என்றால் ஜாமீன் உரிமை. ஆனால் குற்றப்பத்திரிகை வருவதற்குள் மனு போட்டாக வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் கதவு சாத்தப்படும்.

அடுத்தது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 479 ஆம் பிரிவு. அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்தவரை ஜாமீனில் விட வேண்டும். முன்பு தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். மனு போட வேண்டியது சிறைக் கண்காணிப்பாளர். சட்டம் வருமுன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. நாளைக் கணக்குப் போட்டு நீங்களே கண்காணிப்பாளருக்கு நினைவூட்டுக் கடிதம் கொடுங்கள்.

நெரிசல், தண்ணீர், கழிப்பறை: எதை வைத்துக் குறை சொல்வது?

"வசதி சரியில்லை" என்றால் யாரும் அசைய மாட்டார்கள். அளவைச் சொல்லுங்கள். 2016 மாதிரிச் சிறைக் கையேட்டின்படி படுக்கும் கொட்டடியில் ஆளுக்கு 3.71 சதுர மீட்டர், சுமார் 40 சதுர அடி. தண்ணீர் நாளைக்கு ஆளுக்கு 135 லிட்டர். பகலில் 6 பேருக்கு ஒரு கழிப்பறை, இரவில் 10 பேருக்கு ஒன்று. 300 கைதிக்கு ஒரு மருத்துவர், 500 பேருக்கு ஒரு உளவியலாளரோ கவுன்சிலரோ. கையேடு மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது; கேரளத்துக்கு 2010 சட்டமும் 2014 விதிகளும் தனியாக உண்டு. ஆனாலும் மனித உரிமை ஆணையமும் உயர் நீதிமன்றமும் இந்த அளவுகோலை மதித்துக் கேட்கும்.

இந்த எண்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்குங்கள். 10 ரூபாய் கட்டணம், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அதுவும் இல்லை. கேள்விகளைச் சின்னதாக வையுங்கள்: அனுமதிக்கப்பட்ட கொள்ளளவு எவ்வளவு, மார்ச் 31 அன்று எத்தனை பேர், மருத்துவர் கடந்த ஆறு மாதத்தில் வந்த தேதிகள், எஸ்கார்ட் இல்லாமல் ரத்தான மருத்துவமனைப் பயணங்கள், கடந்த ஐந்தாண்டில் இயற்கைக்கு மாறான மரணங்கள். "ஏன்" என்று தொடங்கும் கேள்விக்குத் தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். பதில் 30 நாளில். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில். அந்த 48 மணி நேர வரியை மனுவின் மேலேயே எழுத வேண்டும்.

சிறைக்கு வெளியிலிருந்து வந்து பார்க்கும் கடமை மாவட்ட நீதிபதிக்கு உண்டு. இரண்டாவது சுனில் பத்ரா தீர்ப்பே ஒரு கைதி எழுதிய கடிதத்திலிருந்து பிறந்ததுதான். எனவே மாவட்ட நீதிபதிக்கு ஒரு பக்கக் கடிதம் வீண் போகாது.

புகார் கொடுத்தால் உள்ளே பழி வாங்க மாட்டார்களா?

பயம் நியாயமானது. தனி ஒருவரின் பெயரில் போகாமல் சில குடும்பங்கள் சேர்ந்து நெரிசல், தண்ணீர், மருத்துவம் என்று பொதுவாக எழுதுங்கள். அடிபட்டிருந்தால் பொதுவாக எழுதக் கூடாது. அடுத்த நீதிமன்றத் தேதியில் வழக்கறிஞர் வழியாக மாஜிஸ்திரேட்டிடம் காயத்தைக் காட்டி மருத்துவப் பரிசோதனை கேட்க வேண்டும். காணொளியில் ஆஜர்படுத்தினால் பின்னால் வார்டன் நின்றிருப்பார், ஆள் பேசமாட்டார். நேரில் ஆஜர்படுத்த மனு போடுங்கள்.

சாதி பார்த்து வேலை கொடுக்கிறார்கள்.

2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சட்டவிரோதம் என்று அறிவித்து, பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. தீர்ப்பின் பெயரைக் குறிப்பிட்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துக்கு எழுதினால் போதும்.

உள்ளே இறந்துவிட்டதாகப் போன் வந்திருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

இந்த நேரத்தில் யாருக்கும் கை கால் ஓடாது. அதனால் குடும்பத்துக்கு வெளியே நிதானமான ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, முடிவுகளை அவர் வழியாகப் பேசுங்கள்.

சிறை மரணம் எதுவானாலும் போலீஸ் விசாரணைக்கு மேலாக மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 196. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவிக்குத் தகவல் சொல்லி, விசாரணையில் உடன் இருக்க அனுமதிக்க வேண்டும். உடலை 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் 24 மணி நேரத்துக்குள் சிறை தெரிவிக்க வேண்டும். பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்பது 1995 முதல் ஆணையம் சொல்லிவருவது.

கோயம்புத்தூரிலிருந்தோ தேனியிலிருந்தோ வர நேரமாகும் என்றால், "நாங்கள் வரும்வரை பிரேத விசாரணையைத் தொடங்க வேண்டாம்" என்று மாஜிஸ்திரேட் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அப்போதே செய்தியும் மின்னஞ்சலும் அனுப்புங்கள். வந்ததும் உடலைப் பாருங்கள். முகம் மட்டும் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உடலில் தெரியும் ஒவ்வொரு அடையாளமும் பிரேத விசாரணை அறிக்கையில் ஏறியிருக்கிறதா என்று யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து. மலையாளத்தில் எழுதியதைப் புரியாமல் ஒப்பமிடுவது பிறகு உங்களுக்கே எதிராக நிற்கும். தமிழில் "எனக்குப் படித்துக் காட்டப்படவில்லை" என்று எழுதியும் கையெழுத்துப் போடலாம்.

கேட்டு வாங்க வேண்டியவை: முதல் தகவல் அறிக்கை, பிரேத விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, உள்ளுறுப்புகள் ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டதா என்ற விவரம், வீடியோ பதிவு. சிறையில் இருக்கும் கேமராப் பதிவும் அறைக் காவல் பதிவேடும் அழிக்கப்படாமல் பாதுகாக்கக் கோரி அன்றே கண்காணிப்பாளருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் எழுதுங்கள். கேமராப் பதிவு சில வாரத்தில் தானாக அழிந்துவிடும் என்பதால் இதைப் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. நீங்கள் முன்பு கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தின் முத்திரையிட்ட பிரதி இருந்தால் விசாரணையில் அதைவிடப் பெரிய ஆவணம் கிடையாது.

சந்தேகம் இருந்தால் எரிக்காதீர்கள், புதையுங்கள். இரண்டாவது பிரேதப் பரிசோதனை வேண்டுமென்றால் எர்ணாகுளத்தில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டியிருக்கும். உடல் இல்லாமல் அந்த வழியே இல்லை. ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோக, போலீஸ் உடலை ஒப்படைத்த கடிதமும் பிரேதப் பரிசோதனை நடந்ததற்கான சான்றும் வண்டியில் இருக்க வேண்டும்.

இழப்பீடு கிடைக்குமா?

கிடைக்க வழி உண்டு. 1,382 சிறைகளின் மனிதத்தன்மையற்ற நிலை பற்றிய வழக்கில் 2017 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், 2012 முதல் 2015 வரை சிறையில் இயற்கைக்கு மாறாக இறந்தவர்களின் குடும்பங்களைக் கண்டறிந்து இழப்பீடு தர உயர் நீதிமன்றங்கள் தாமாக வழக்குப் பதிய வேண்டும் என்றது. தற்கொலையும் அதில் அடக்கம். காவலில் இருப்பவரின் உயிருக்கு அரசே பொறுப்பு என்பது 1993 நீலபதி பெஹரா தீர்ப்பிலிருந்து நிலைத்த சட்டம்.

மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் எழுத வேண்டும், கட்டணமில்லை. மாநில ஆணையம், தேசிய ஆணையம் இரண்டில் ஒன்றில் மட்டும் போடுங்கள். ஒன்றில் நிலுவையில் இருந்தால் தேசிய ஆணையம் எடுக்காது.

ஆந்திரா பக்கம், செம்மரக் கடத்தல் வழக்கில் சித்தூர், கடப்பா, நெல்லூர் சிறைகளில் இருப்பவர்களுக்கு?

மேலே சொன்ன மத்தியச் சட்டங்களும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் அப்படியே பொருந்தும். கேரள ஆட்சிமொழிச் சட்டம், திஷா எண் இரண்டும் பொருந்தாது. ஜவ்வாது மலையிலிருந்து போகிறவர்களுக்குத் தெலுங்கு தெரியாததும், ஒரே ஆள்மேல் பல வழக்குகள் போடப்படுவதும் அங்கே கூடுதல் சிக்கல். பல வழக்கு நிலுவையில் இருந்தால் 479 உதவாது என்பதால், எத்தனை வழக்கு, எந்த எந்த நீதிமன்றம் என்ற பட்டியலை முதலில் எடுங்கள். ஒரு வழக்கில் ஜாமீன் வாங்கி இன்னொன்றில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை வேறு வழக்கில் ஆஜர்படுத்தச் சொல்லும் ஆணை) நிற்பது தெரியாமல் வாசலில் காத்திருந்து திரும்புவது அங்கே நடப்பது.

விடுதலையாகி வந்துவிட்டார். இனி பயமில்லையே?

முதல் சில வாரம் இருக்கிறது. வெளியே வந்தவுடன் தற்கொலை ஆபத்து கூடுவது பல நாட்டு ஆய்வுகளில் கண்டது. வெளியே வரும் நாளில் சிறை மருத்துவப் பதிவின் நகலையும், குறைந்தது இரண்டு வாரத்துக்கான மாத்திரையையோ சீட்டையோ கேட்டு வாங்குங்கள். அந்த வாரத்திலேயே பக்கத்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் மாவட்ட மனநலத் திட்டத்தின் ஓ.பி. நாளை 104 இல் கேட்கலாம். போதைப் பழக்கம் இருந்தவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது, இதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வாய்தா தேதிகளை வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். ஒரு தேதி தவறினால் பிடிவாரண்ட், மறுபடியும் அதே வாசல்.